பாலஸ்தீனம்: பெயர் பழையது, எல்லை புதியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலஸ்தீனப் பிரச்சினை பற்றிய உங்கள் நடுப்பக்கக் கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு வாதங்கள் மாறி மாறி வருகின்றன. ‘யூதர்களைப் பழிவாங்க ரோமப் பேரரசன் சூட்டிய பெயர்தான் பாலஸ்தீனம், அதற்கு முன் அப்படியொரு பெயரே கிடையாது’ என்பது ஒன்று. ‘பாலஸ்தீனம் என்ற நாடு தொன்றுதொட்டு இருந்தது, சியோனிஸ்டுகள் (அங்கே யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்று இயங்கியவர்கள்) வந்து அந்தப் பெயரை அழித்தார்கள்’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஆவணங்களுக்கு முன் நிற்காது. சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆண்டுகளை மட்டும் வெட்ட வேண்டாம்.

இந்த ஒரே சொல் ஒரு நிலப்பகுதியைக் குறித்திருக்கிறது, பேரரசுகளின் மாகாணத்தைக் குறித்திருக்கிறது, ஒரு மக்களைக் குறித்திருக்கிறது, ஓர் அரசையும் குறிக்கிறது. நான்கும் வெவ்வேறு காலத்தில் வந்தவை. ஒன்றுக்கு உரிய சான்றைக் காட்டி இன்னொன்றை நிரூபிக்கப் போகும்போதுதான் வம்பு வருகிறது.

முதலில் பழைய கணக்கு. எகிப்தில் மூன்றாம் ராம்சேஸின் மெதினெத் ஹாபு கோயில் சுவர்களில், கி.மு. 12ஆம் நூற்றாண்டில், கடல்வழி வந்து போரிட்ட கூட்டங்களில் ஒன்றாக ‘பெலெசெத்’ குறிக்கப்படுகிறது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இவர்கள் பெலிஸ்தர், கோலியாத்தின் ஆட்கள். காசா, அஸ்கலோன், அஸ்தோத், எக்ரோன், காத் என்ற ஐந்து நகரங்களே அவர்களுடைய நாடு. தெற்குக் கடற்கரையை ஒட்டிய சிறு பகுதி அது, எருசலேமோ கலிலேயாவோ அதில் அடங்காது. ‘இஸ்ரேல்’ என்ற பெயருக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுச் சான்றும் எகிப்திலிருந்தே வருகிறது: மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். அங்கே அந்தப் பெயருடன் வரும் எழுத்துக்குறி நிலத்தைக் குறிப்பது அல்ல, மக்களைக் குறிப்பது. ஆக, இரண்டு பெயர்களுமே மக்கள் கூட்டங்களின் பெயராகத் தொடங்கி, பிறகு மண்ணுக்கு ஏறியவை. இன்றைய பாலஸ்தீனர்கள் பழைய பெலிஸ்தரின் வழித்தோன்றல்கள் என்று சிலர் எழுதுவது வெறும் பெயர் ஒற்றுமையை வைத்துச் சொல்வது. பெலிஸ்தர் பாபிலோனியப் படையெடுப்புகளுக்குப் பிறகு தனி இனமாக வரலாற்றில் தென்படுவதில்லை. அவர்கள் மறைந்த பின்பும் பெயர் தங்கிவிட்டது.

அந்தக் கடற்கரைப் பெயரை உள்நாட்டுக்கும் விரித்தவர்கள் கிரேக்கர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், ஃபினீசியாவுக்கும் எகிப்துக்கும் இடைப்பட்ட பகுதியை ‘பாலைஸ்தினே எனப்படும் சிரியா’ என்கிறார். பாரசீகப் பேரரசின் ஐந்தாம் வரி மண்டலத்தில் அது இருந்ததையும், ஃபினீசியாவும் சைப்ரசும் சேர்ந்த அந்த மண்டலம் கட்டிய வரி 350 தாலந்து என்பதையும் குறிப்பிடுகிறார். அரிஸ்டாட்டில், ஆளையோ மிருகத்தையோ கட்டிப் போட்டாலும் மூழ்காமல் மிதக்கும் ஏரி பாலஸ்தீனத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். சாக்கடலைத்தான் சொல்கிறார், அது கடற்கரையில் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் யூதர்களான ஃபைலோவும் ஜோசஃபஸும்கூட இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். ரோமப் பேரரசன் ஹாட்ரியன் காலத்துக்கு 500 ஆண்டுகளுக்கு மேல் முன்பே பெயர் புழக்கத்தில் இருந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் ஹாட்ரியன் கதை முழுப் பொய்யும் அல்ல. அதுவரை அந்த ரோம மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் யூதேயா. கி.பி. 6 முதல் ரோம ஆளுநர்கள் ஆண்டது யூதேயாவை, கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு ரோம் வெளியிட்ட வெற்றி நாணயங்களில் பொறித்ததும் ‘யூதேயா பிடிபட்டது’ என்றுதான். பார் கோக்பா தலைமையில் யூதர்கள் 132 முதல் 135 வரை நடத்திய கிளர்ச்சி நசுக்கப்பட்டதை ஒட்டி மாகாணம் ‘சிரியா பாலஸ்தீனா’ ஆனது. எருசலேம் ‘ஏலியா காபிடோலினா’ என்ற ரோமக் குடியேற்ற நகரானது, யூதர்கள் அதற்குள் நுழையத் தடை வந்தது. பெயர் மாற்றம் தண்டனைதான் என்று பலரும் கருதுவதற்குக் காரணம் இந்தக் கால நெருக்கம். ஹாட்ரியனே காரணம் சொன்ன ஆவணம் எதுவும் இல்லை. எனவே ‘ரோம் கண்டுபிடித்த பெயர்’ என்பது தவறு, ‘ரோம் யூதேயாவை நீக்கிவிட்டு ஏற்கெனவே இருந்த பெயரை ஏற்றியது’ என்பது சரி. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் கிளம்பும் ‘இயேசு பாலஸ்தீனரா’ என்ற சண்டைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அவர் காலத்து ஆட்சிப் பிரிவுகளின் பெயர் யூதேயா, கலிலேயா. கிரேக்கப் புவியியல் வழக்கில் பாலஸ்தீனம் என்ற சொல்லும் அப்போது உண்டு. இன்றைய அரசியல் பொருளில் அவரைப் பாலஸ்தீனர் என்பதும் இஸ்ரேலியர் என்பதும் ஒரே அளவு பிசகு.

பிறகு கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் அதே பெயரில் மூன்று மாகாணங்களை வைத்திருந்தது. முதல் பாலஸ்தீனத்துக்கு செசரியா தலைநகர், இரண்டாவதற்கு ஸ்கைதோபோலிஸ், மூன்றாவதற்கு இன்று ஜோர்டானில் இருக்கும் பெத்ரா. அரபுகள் வந்தபோது அதை ‘ஜுந்த் ஃபலஸ்தீன்’ என்ற படை மாவட்டமாக்கினார்கள். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரம்லா நகரம் கட்டப்பட்டு அதன் தலைமையிடமானது. கலிலேயா இதில் சேராது. அது திபேரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஜுந்த் அல்-உர்துன்’. அதாவது ஒரே பெயருக்குள் எல்லை ஒவ்வொரு ஆட்சியிலும் வேறு. சிலுவைப் போராளிகளின் எருசலேம் அரசும், பின்னர் எகிப்திலிருந்து ஆண்ட மம்லூக்குகளும் வேறு பிரிவுகளை வைத்துக்கொண்டார்கள். நூல்களிலும் முஸ்லிம் சட்ட அறிஞர்களின் தீர்ப்புகளிலும் மட்டும் ‘ஃபலஸ்தீன்’ தொடர்ந்து வந்தது. யூதர்களின் வழக்கில் அதே மண்ணுக்கு ‘எரெட்ஸ் இஸ்ராயேல்’, இஸ்ரேல் நாடு. சாமுவேல் முதல் புத்தகத்திலேயே வரும் இத்தொடர், யூத மறைச் சட்ட நூல்களில் அங்கு விளையும் பயிருக்கான கடமைகளைச் சொல்லும்போதெல்லாம் வருகிறது. இது 1948இல் திடீரென முளைத்த சொல் என்று எழுதுபவர்கள் பழைய யூதப் பிரார்த்தனை நூல் எதையும் திறந்து பார்க்கவில்லை.

ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) காலத்தில்தான் பத்திரிகைகள் அதிகம் வழுக்குகின்றன. 1516 முதல் 1917 வரை நீண்ட அந்த ஆட்சியில் பாலஸ்தீனம் என்ற பெயரில் மாகாணம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்பாடு இப்படி இருந்தது: தெற்கே எருசலேம் மாவட்டம், 1870களில் தனியாகப் பிரிக்கப்பட்டு இஸ்தான்புல்லுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டது. நாப்ளுஸ், ஏக்கர் என்ற வடக்கு மாவட்டங்கள் 1888இல் உருவான பெய்ரூட் மாகாணத்தின் கீழ். யோர்தான் ஆற்றின் கிழக்குக் கரை டமாஸ்கஸின் கீழ். ‘அப்படியானால் பாலஸ்தீனமே இல்லை’ என்று இங்கே துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. மாகாணம் இல்லை என்பதால் பெயர் இல்லாமல் போய்விடாது. லண்டனில் 1865இல் தொடங்கப்பட்ட பாலஸ்தீன ஆய்வு நிதியம் 1870களில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அந்த நிலத்தை வரைபடமாக்கியது. யாஃபாவில் 1911இல் ஈசா அல்-ஈசாவும் யூசுஃப் அல்-ஈசாவும் தொடங்கிய அரபுப் பத்திரிகையின் பெயரே ‘ஃபலஸ்தீன்’. பிரிட்டிஷ் படை எருசலேமில் நுழைய அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அரபுகள் அந்தப் பெயரை பிரிட்டனிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்ற வாதம் இந்த ஒரு பத்திரிகைத் தலைப்பிலேயே உடைகிறது.

இனி சியோனிச இயக்கம். 1882 முதலே ரஷ்யப் பேரரசிலிருந்து சிறு குழுக்கள் வந்து ரிஷோன் லெசியோன் போன்ற குடியிருப்புகளைத் தொடங்கின. ‘சியோனிசம்’ என்ற சொல்லை 1890இல் உருவாக்கியவர் நாதன் பிர்ன்பவும். இயக்கத்தின் தலைவரான ஹெர்ஸலின் ‘யூத அரசு’ சிறுநூல் 1896இல் வந்தது. அதில் ‘பாலஸ்தீனமா, அர்ஜென்டினாவா?’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 29 முதல் 31 வரை பேசல் நகரில் கூடிய முதல் மாநாட்டின் தீர்மானம் ‘யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் பொதுச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட ஓர் இல்லம்’ என்று கேட்டது. ‘அரசு’ என்ற சொல் அதில் இல்லை. ஒட்டோமான் சுல்தானைச் சீண்ட வேண்டாம் என்று வேண்டுமென்றே தவிர்த்தார்கள். அதே வாரத்தில் ஹெர்ஸல் தன் நாட்குறிப்பில் யூத அரசை நிறுவிவிட்டதாகவே எழுதிக்கொண்டார். வெளியே ஒரு சொல், உள்ளே ஒரு சொல் என்ற இந்த இரட்டை வழக்கு அடுத்த 45 ஆண்டுகள் நீடித்தது. இயக்கத்தின் ஆவணங்களைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

யூதர்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியமர்த்தும் ‘உகாண்டாத் திட்டம்’ பற்றிக் கட்டுரையில் ஒரு வரி வந்தது. அதில் இடம் பிழை. பிரிட்டன் 1903இல் காட்டிய நிலம் இன்றைய கென்யாவின் உவாசின் கிஷு பீடபூமி. அதை ஆய்வு செய்யக் குழு அனுப்பலாமா என்று சியோனிச மாநாடு நடத்திய வாக்கெடுப்பில் 295 பேர் ஆதரவு, 178 பேர் எதிர்ப்பு. 1905 மாநாடு திட்டத்தையே கைவிட்டது. இஸ்ரேல் சாங்வில் என்ற எழுத்தாளர் வெளியேறி, நிலம் எங்கே கிடைத்தாலும் சரி என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். பெயரின் கனம் என்னவென்று இங்கே தெரிகிறது. கடும் வன்முறைக்கு நடுவில் இருந்த ரஷ்ய யூதர்களின் பிரதிநிதிகள்தான் ‘சியோன் (எருசலேம்) இல்லாத சியோனிசம் எதற்கு’ என்று அதிகம் எதிர்த்தவர்கள்.

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் பெயரில் வந்த 1917 நவம்பர் 2 பிரகடனத்துக்கு, அதாவது பால்ஃபர் பிரகடனத்துக்கு வருவோம். மையப் பகுதி ஆங்கிலத்தில் 67 சொற்கள். அதற்கு முந்தைய ஜூலையில் சியோனிஸ்டுகள் கொடுத்த வரைவு, ‘பாலஸ்தீனத்தை யூத மக்களின் தேசிய இல்லமாக மறுநிர்மாணம் செய்வது’ என்று இருந்தது. அமைச்சரவையில் அடித்துத் திருத்திய பிறகு வெளிவந்தது ‘பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைப்பது’. ‘பாலஸ்தீனத்தை’ என்பது ‘பாலஸ்தீனத்தில்’ ஆனது. அடுத்த முப்பது ஆண்டுச் சண்டை முழுக்க இந்த வேற்றுமை உருபைச் சுற்றித்தான். 1922இல் சர்ச்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே எடுத்துரைத்தது: பாலஸ்தீனம் முழுவதையும் யூத இல்லமாக்கும் எண்ணம் இல்லை, அதனுள் ஓர் இல்லம்தான் என்றது. 1942 மேயில் நியூயார்க்கின் பில்ட்மோர் ஓட்டலில் கூடிய சியோனிஸ்டுகள் மீண்டும் பழைய உருபுக்கே போனார்கள்: ‘பாலஸ்தீனத்தை யூத காமன்வெல்த்தாக’ நிறுவ வேண்டும் என்று கோரினார்கள். தனி அரசு என்ற கோரிக்கை மூடுமந்திரம் இல்லாமல் வெளிவந்தது அப்போதுதான். இடையில் 1937இல் பிரிட்டனின் பீல் ஆணையம் நாட்டைப் பிரிக்கப் பரிந்துரைத்தது, 1939 வெள்ளை அறிக்கை யூதக் குடியேற்றத்தை ஐந்து ஆண்டுகளுக்கு 75,000 என்று மட்டுப்படுத்தியது. ஐரோப்பாவில் யூதர்களுக்கு எல்லாக் கதவுகளும் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. பில்ட்மோரின் பொறுமையின்மையை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரகடனத்தில் பாலஸ்தீனம் என்றால் எது என்ற விளக்கமும் இல்லை. இருக்கவும் முடியாது, அந்தப் பெயரில் எல்லை போட்ட பிரதேசம் அன்று எங்கும் கிடையாது. அங்கிருந்த அரபுகளுக்கும் அதில் பெயர் இல்லை. ‘யூதரல்லாத சமூகங்கள்’ என்று வருகிறது. அவர்களுக்குக் குடிமை உரிமையும் மத உரிமையும் பாதுகாக்கப்படும் என்கிறது, அரசியல் உரிமை பற்றிப் பேசவில்லை. 1922 மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் 7,57,182 பேர். அதில் யூதர்கள் 83,794, முஸ்லிம்கள் 5,90,890, கிறிஸ்தவர்கள் 73,024. பத்தில் ஒன்பது பங்கு மக்களை ‘அல்லாதவர்’ என்று ஒதுக்கி எழுதிய வாக்கியம் அது. அமைச்சரவையில் இதை முதலில் எதிர்த்தவர் அதிலிருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று நம் பாடப் புத்தகங்களில் வரும் அதே இந்தியா மந்திரிதான். யூதர்களுக்கென்று தனி நாடு என்றால் பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் உள்ள யூதர்கள் அந்நியர்களாகப் பார்க்கப்படுவார்கள் என்பது அவர் வாதம். இறுதி வடிவம் முடிவானபோது அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார்.

எல்லைகள் மூன்று தனித்தனிக் காரியங்களால் அமைந்தவை. தென்மேற்கில் ரஃபாவிலிருந்து அகாபா நோக்கிப் போகும் கோடு 1906இல் எகிப்தை ஆண்ட பிரிட்டனும் ஒட்டோமான் அரசும் போட்டது. வடக்குக் கோடு பிரான்சுடன் பேரம் பேசி 1923இல் முடிந்தது. கிழக்கே யோர்தான் ஆறு: மேண்டேட் (உலக நாடுகள் சங்கம் பிரிட்டனுக்கு அளித்த ஆட்சிப் பொறுப்பு) ஆவணத்தின் 25ஆம் விதியைப் பயன்படுத்தி, யூத தேசிய இல்லம் பற்றிய பிரிவுகள் ஆற்றுக்கு அப்பால் பொருந்தாது என்று 1922 செப்டம்பரில் பிரிட்டன் பிரித்துவிட்டது. ‘ஜோர்டான்தான் பாலஸ்தீனம், அரபுகளுக்கு ஏற்கெனவே முக்கால் பங்கு கொடுத்தாயிற்று’ என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். டிரான்ஸ்ஜோர்டான் 1921 முதலே அரபு இளவரசர் அப்துல்லாவின் கீழ் தனி நிர்வாகம். பால்ஃபர் வாக்குறுதி அங்கே ஒருநாளும் செயல்படுத்தப்படவில்லை. கொடுக்காத சொத்தில் பாகம் பிரித்ததாகச் சொல்வது கணக்கு ஆகாது. ஆற்றின் மேற்கே எஞ்சிய சுமார் 27,000 சதுர கிலோமீட்டர்தான் 1948 வரை ‘பாலஸ்தீனம்’. இந்த வடிவத்தில் அந்தப் பெயர் வாழ்ந்தது 30 ஆண்டுகூட இல்லை. ஆனால் இன்று இரு தரப்புப் பதாகைகளிலும் வரையப்படுவது இந்த வடிவமே.

அந்த ஆண்டுகளில் பெயருக்காக நடந்த இழுபறி தனிச் சுவை. மேண்டேட்டின் 22ஆம் விதிப்படி ஆங்கிலம், அரபு, ஹீப்ரு மூன்றும் ஆட்சிமொழி. 1927 நவம்பர் 1 முதல் வந்த பாலஸ்தீன பவுண்டு 1,000 மில்களாகப் பிரிக்கப்பட்டது, மதிப்பு ஸ்டெர்லிங் பவுண்டுக்குச் சமம். 5, 10, 20 மில் காசுகளின் நடுவில் ஓட்டை. சமூக ஊடகத்தில் ‘பாருங்கள், பாலஸ்தீன நாணயம்’ என்று சுற்றுவது இதுதான். படத்தைப் பெரிதாக்கி மூன்று எழுத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பாலஸ்டைன்’, அரபில் ‘ஃபலஸ்தீன்’, ஹீப்ருவில் ‘பாலஸ்தினா’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து: ஆலெஃப், யோத். ‘எரெட்ஸ் இஸ்ராயேல்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. முழுப் பெயரே வேண்டும் என்று யூதத் தரப்பு கேட்டது, கூடவே கூடாது என்று அரபுத் தரப்பு சொன்னது. அதிகாரிகள் இரண்டு எழுத்தில் சமரசம் செய்து இருவரையும் கோபப்படுத்தினார்கள். 1925இல் அரபுத் தலைவர் ஜமால் அல்-ஹுசைனி அஞ்சல் தலையில் இருந்த அந்த இரண்டு எழுத்தை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். யூதர்களுக்கு மட்டும் தனிப் பெயர் என்றால் அரபில் ‘தெற்கு சிரியா’ என்று போடுங்கள் என்று அரபுத் தலைவர்கள் சிலர் பதிலுக்குக் கேட்டதும் உண்டு.

அந்தத் ‘தெற்கு சிரியா’ வெறும் குசும்பு அல்ல. 1919 தொடக்கத்தில் எருசலேமில் கூடிய முதல் பாலஸ்தீன அரபு மாநாடு, தங்கள் நாடு அரபு சிரியாவின் பகுதி என்றுதான் தீர்மானித்தது. அப்போது டமாஸ்கஸில் அரபு இளவரசர் ஃபைசலின் ஆட்சி இருந்தது. 1920 ஜூலையில் மைசலூன் போரில் பிரெஞ்சுப் படை அதை ஒழித்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் ஹைஃபாவில் கூடிய மூன்றாம் மாநாடு சிரியாவை விட்டுவிட்டுப் பாலஸ்தீனத்துக்குத் தேசிய அரசாங்கம் கேட்டது. இந்த இரண்டு தீர்மானங்களில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவர் என்ன நிரூபிக்க விரும்புகிறார் என்பதை ஆண்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அரசியல் சூழல் மாறும்போது தேசிய அடையாளம் கூர்மைப்படுவது பல நாடுகளில் நடந்ததுதான். சியோனிசத்திலும் அதுவே நடந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1948 வரை ‘பாலஸ்தீன’ என்ற முன்னொட்டை அதிகம் சுமந்தவை யூத நிறுவனங்கள். ஆங்கிலோ-பாலஸ்தீன வங்கிதான் இன்றைய லெயூமி வங்கி. 1932இல் தொடங்கிய ‘பாலஸ்டைன் போஸ்ட்’ 1950இல் ‘ஜெருசலேம் போஸ்ட்’ ஆனது. 1936இல் தொடங்கிய பாலஸ்தீன இசைக்குழு இன்று இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக். 1934 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கெய்ரோவில் எகிப்திடம் 7–1 என்று தோற்ற ‘பாலஸ்தீன’ அணியின் ஆட்டக்காரர்கள் யூதர்கள். 1925 குடியுரிமை ஆணையின்படி கடவுச்சீட்டில் யூதரும் அரபும் ஒரே ‘பாலஸ்தீனக் குடிமக்கள்’. ஆகவே பழைய கடவுச்சீட்டு, பழைய காசு, பழைய கால்பந்துப் படம் எதுவுமே ‘தனி அரபு நாடு இருந்தது’ என்பதற்கும் சான்றில்லை, ‘பாலஸ்தீனர் என்றாலே யூதர்தான்’ என்பதற்கும் சான்றில்லை. பிரிட்டிஷ் மேண்டேட் இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று.

கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட ‘சுருங்கும் பாலஸ்தீனம்’ நான்கு படங்களும் இதே ரகம். முதல் படம் 1946: யூதர்கள் வாங்கிய நிலம் ஒரு நிறம், மற்றதெல்லாம் பாலஸ்தீனம் என்று இன்னொரு நிறம். அது சொத்துப் பத்திரக் கணக்கு. 1945 நிலவரப்படி யூதர் வசம் இருந்தது மொத்த 2 கோடியே 63 லட்சம் துனாமில் சுமார் 6 விழுக்காடு (ஒரு துனாம் 1,000 சதுர மீட்டர்). ஆனால் மீதி முழுவதும் அரபுகளின் தனிச் சொத்தும் அல்ல. ஏறத்தாழ பாதி நிலம் பீர்ஷெபா உட்கோட்டம், பெரும்பாலும் பாலை. 1858 ஒட்டோமான் நிலச் சட்டப்படி ‘மிரி’ நிலத்தில் உழும் உரிமை குடியானவனுக்கு, மேலுரிமை அரசுக்கு. இரண்டாவது படம் 1947 ஐ.நா. திட்டம், நடைமுறைக்கு வராத முன்மொழிவு. மூன்றாவது 1949 போர்நிறுத்தக் கோடு. அதில் பாலஸ்தீனம் என்று நிறமடித்திருக்கும் மேற்குக் கரையை ஆண்டது ஜோர்டான், காசாவை நிர்வகித்தது எகிப்து. நான்காவது, 1990களில் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தத்தின் நிர்வாக வட்டங்கள். சொத்து, முன்மொழிவு, ராணுவக் கோடு, நிர்வாகம் என்ற நான்கையும் ஒரே அளவுகோலாகக் காட்டுகிறது அது. நிலம் பறிபோனது உண்மை. 1948 போரில் 7 லட்சம் பேருக்குக் குறையாமல் வீடிழந்ததும் உண்மை. அதைச் சொல்ல இந்தப் படம் தேவையில்லை. இதைப் போட்டால் மறுப்பவருக்குத்தான் லாபம்.

1948 மே மாதத்தில் பெயர் கடைசி நிமிடம் வரை முடிவாகவில்லை. யூதேயா, சியோன், இவ்ரியா எல்லாம் பேச்சில் இருந்தன. யூதேயா என்று வைக்க முடியாததன் காரணம் வேடிக்கையானது: பழைய யூதேயாவின் பெரும்பகுதி ஐ.நா. திட்டத்தில் யூத அரசுக்கு வெளியே இருந்தது. மே 12 அன்று தற்காலிக நிர்வாகக் குழு ‘இஸ்ரேல்’ என்று முடிவெடுத்தது, 14ஆம் தேதி டெல் அவிவில் அறிவிப்பு. அஞ்சல் தலைகள் அதற்கு முன்பே ரகசியமாக அச்சாகிவிட்டன. எனவே மே 16 வெளிவந்த முதல் தலைகளில் நாட்டின் பெயரே இல்லை, ‘ஹீப்ரு அஞ்சல்’ என்று மட்டும் இருக்கும். அந்த ஆகஸ்டில் வந்த முதல் பணத் தாள்கள் ஆங்கிலோ-பாலஸ்தீன வங்கியின் பெயரில், ‘பாலஸ்தீன பவுண்டு’ என்ற அச்சுடனேயே புழங்கின.

மறுபுறம், 1948 செப்டம்பரில் காசாவில் அறிவிக்கப்பட்ட ‘அகில பாலஸ்தீன அரசாங்கம்’ எகிப்தின் நிழலில் பெயரளவில் இருந்து 1959இல் கலைக்கப்பட்டது. ஜோர்டான் 1950இல் தான் இணைத்துக்கொண்ட பகுதியை ‘மேற்குக் கரை’ என்றது. அம்மானிலிருந்து பார்த்தால்தான் அது ஆற்றின் மேற்குக் கரை. 1967 டிசம்பரில் இஸ்ரேலிய ராணுவ ஆணை அதே பகுதிக்கு ‘யூதேயா, சமாரியா’ என்று பெயரிட்டது. பாலஸ்தீனர் என்ற மக்கட்பெயரோ அகதி முகாம்களில், ஐ.நா. அகதி அட்டையில் நிலைத்தது. 1964இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் அதைத் தன் பெயரில் ஏற்றது. 1969இல் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர் ‘பாலஸ்தீனர் என்று யாரும் இருக்கவில்லை’ என்று லண்டன் பத்திரிகை ஒன்றிடம் சொன்னபோது, அந்த அட்டை வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல்.

இறுதியாக, உங்கள் செய்தி அறைக்குச் சில திருத்தங்கள். ‘1947 ஐ.நா. தீர்மானம் இஸ்ரேலை உருவாக்கியது’ என்று கட்டுரையில் இருக்கிறது. 181ஆம் தீர்மானத்தில் அந்தப் பெயரே இல்லை. ‘யூத அரசு’, ‘அரபு அரசு’ என்றுதான் இருக்கிறது. வாக்கு 33க்கு 13, நடுநிலை 10. எதிர்த்த 13இல் இந்தியாவும் ஒன்று. பிரிவினைக்குப் பதில் கூட்டாட்சி என்பதே நம் பிரதிநிதி அப்துர் ரஹ்மான் ஐ.நா. குழுவில் ஆதரித்த திட்டம். இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது 1950 செப்டம்பர் 17, தூதரக உறவு 1992 ஜனவரி. இரண்டையும் ஒன்றாக்கி 1992 என்று போட்டிருக்கிறீர்கள். ‘பாலஸ்தீன அரசு’ அல்ஜியர்ஸில் அறிவிக்கப்பட்டது 1988 நவம்பர் 15. இந்தியா அதை ஏற்றது அதே மாதம். 2012 நவம்பர் 29 வாக்கெடுப்பில் 138 நாடுகளின் ஆதரவுடன் அது ஐ.நா.வில் உறுப்பினரல்லாத பார்வையாளர் அரசு ஆனது. ‘பாலஸ்தீன ஆணையம்’ என்பது இதுவல்ல. 1994இல் ஆஸ்லோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த தன்னாட்சி நிர்வாகம். இரண்டையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ராமல்லாவின் ஆணை என்றால் எந்தத் தகுதியில் வந்தது என்று மூலத்தின் தலைப்பைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். 2013 ஜனவரிக்குப் பிந்தைய தாள்களில் பெரும்பாலும் ‘பாலஸ்தீன அரசு’ என்றே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்